தோட்டத்து ரோட்டுக்கு ஒரு சைக்ளோகுரோஸ்: மலிவு ஃபிரேமில் தொடங்கிக் கட்டும் விதம்

எங்கள் மேல் டிவிஷனில் லயத்து வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க 64 படி. படி முடிந்ததும் ஒரு துண்டு கொங்கிரீட், அதன் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கருங்கல் ரோட்டு, இடையிடையே மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள், கான்கள். இந்த வழிக்கு ஒரு சைக்கிள் வேண்டுமென்றால் அதை ஓட்டவும் முடிய வேண்டும், தோளில் தூக்கவும் முடிய வேண்டும். மவுண்டன் பைக் இந்தக் கல்லில் நன்றாக ஓடும். ஆனால் 14, 15 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை படியேறிப் பாருங்கள். ரேஸ் சைக்கிளைச் சுலபமாகத் தூக்கலாம். அதன் மெல்லிய டயர் முதல் கருங்கல்லிலேயே உயிரை விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் சைக்ளோகுரோஸ்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சேற்று வயலிலும் புல்வெளியிலும் ஓடும் பந்தயத்துக்காக உருவான சைக்கிள் இது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சிறிய வட்டப்பாதையில் சுற்றுவார்கள். 40 சென்ரிமீட்டர் வரை உயரமுள்ள பலகைத் தடைகள் வரும். இறங்கி, தூக்கி, ஓடி, மறுபடி ஏற வேண்டும். 1950இல் பாரிசில் நடந்த முதலாவது உலகச் சாம்பியன் போட்டியை வென்றவர் ஜான் ரோபிக். 1947இல் டூர் டி பிரான்ஸை வென்றவரும் அவர்தான், மலையேற்றத்துக்குப் பேர்போன குள்ள மனிதர். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும்: வளைந்த ஹேண்டில், 700சி என்ற அளவுள்ள சில்லு. வித்தியாசம் சில்லைச் சுற்றியுள்ள இடைவெளியில் இருக்கிறது. தடித்த டயரும் அதில் ஒட்டும் சேறும் சுழல அங்கே இடம் விட்டிருப்பார்கள். கேபிள்கள் மேல் குழாய் வழியாகப் போகும், தோளில் போட்டுத் தூக்கும்போது கைக்கு இடைஞ்சல் இல்லாமல்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் இந்த வகைச் சைக்கிளை நான் கண்டதில்லை. அதனால் மலிவான ஒரு ஃபிரேமைப் பிடித்து, சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து நானே கட்டினேன். முதலில் கட்டியதில் ஏகப்பட்ட பிழை. அந்தப் பிழைகளுக்கெல்லாம் ஒரே காரணத்தை எங்கள் டவுனில் சைக்கிள் திருத்தும் பாஸ் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: “தம்பி, சாமான வாங்கிட்டு வந்து அளக்காத. அளந்துட்டுப் போய் வாங்கு.”

ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் ஒரு சைக்கிளை முழுதாகக் கழற்றிப் பூட்டிய அனுபவம் இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஃபிரேம் தேடுவது

முதலாவது வழி, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்கள். அவற்றில் ஹைபிரிட் என்று சொல்லும் வகையைத் தேடுங்கள். நேர் ஹேண்டில், 700சி சில்லு, 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயர் போட்டிருக்கும். இந்த ஃபிரேம் சைக்ளோகுரோஸுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். டிஸ்க் பிரேக் பூட்டும் இடமும் இருந்தால் விடாதீர்கள். இரண்டாவது வழி, ஒன்லைனில் வரவழைக்கும் பெயரில்லாத அலுமினிய ஃபிரேம். அளவுகளைத் தெளிவாகப் போட்டிருப்பார்கள், ஆனால் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. மூன்றாவது, பழைய இரும்பு ரேஸ் ஃபிரேம். அழகு அள்ளிக்கொண்டு போகும். பெரும்பாலானவற்றில் 28 மில்லிமீட்டர் டயருக்கு மேல் நுழையாது. அழகில் மயங்கி வாங்கினால் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

பாவித்த ஃபிரேமை வாங்குமுன் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்தான் முதல் இடம். முன்னால் மோதிய சைக்கிள் என்றால் அங்கே பெயின்ட் சுருங்கியோ மயிரிழை வெடிப்போ இருக்கும். அடுத்தது பின்சில்லு அச்சு உட்காரும் கொக்கிகள். பிறகு சீட் போஸ்டைக் கழற்றி டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். இரும்பு ஃபிரேமில் மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பெடல் அச்சுக் கூட்டுக்குள் துருத்தூள் ஒரு பிடி கிடக்கும். எங்கள் ஈரக் காற்றில் இது சாதாரணம். மேல்துரு பரவாயில்லை. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோணல் பார்க்க ஒரு நூல் போதும். பின் கொக்கி ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள். இரு பக்கமும் நூலுக்கும் சீட் குழாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். ஐந்து என்றால் அந்த ஃபிரேம் ஏதோ ஒரு பள்ளத்தில் உருண்ட கதை உங்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஃபிரேம் அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஹைபிரிட் ஃபிரேமின் மேல் குழாய் நேர் ஹேண்டிலுக்காக நீளமாகச் செய்யப்பட்டது. அதில் வளைந்த ஹேண்டில் போட்டால் கை வைக்கும் இடம் இன்னும் முன்னால் போய்விடும். ஆகவே வழக்கமாக ஓட்டுவதைவிட ஓர் அளவு சிறிய ஃபிரேமை எடுத்து, ஹேண்டிலைப் பிடித்து நிற்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாகப் போடுங்கள். காலை அகட்டி நின்றால் மேல் குழாய்க்கு மேலே மூன்று விரல் இடமாவது இருக்க வேண்டும். சரிவில் அவசரமாக இறங்கும் நாள் வரும். அன்றைக்கு இந்த மூன்று விரலின் அருமை தெரியும்.

அளவுச் சீட்டு

ஃபிரேம் வீட்டுக்கு வந்ததும் சாமான் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, வேர்னியர் இரவல் வாங்கி, கீழே சொல்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

பின் கொக்கிகளுக்கு இடையிலான அகலம்: 126 மில்லிமீட்டர் என்றால் பழைய ஆறு, ஏழு கியர் ரேஸ் ஃபிரேம். 130 பிற்கால ரேஸ். 135 என்றால் மவுண்டன் பைக் அல்லது டிஸ்க் ஹைபிரிட், நமக்கு வேண்டியது இதுதான். புதிய ஃபிரேம்களில் 142 அகலத்தில் 12 மில்லிமீட்டர் தடித்த அச்சு வரும். 126ஐ 130 ஆக விரிப்பது இரும்பில் முடியும், அதுவும் அனுபவமுள்ள கையால். அலுமினியத்தை விரிக்க நினைக்கவே வேண்டாம். அது வளையாது, வெடிக்கும்.

பெடல் அச்சுக் கூடு, அதாவது பொட்டம் பிரக்கட் உட்காரும் உருளை: அகலம் 68 மில்லிமீட்டரும் உள்ளே மரையும் இருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை. சாமான் தேடுவது சுலபம். 70 என்றால் இத்தாலிய மரையாக இருக்கலாம், அப்போது சாமானுக்கு அலைய வேண்டிவரும். மரையே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அழுத்திப் பொருத்தும் வகை; மழை நாட்டில் கிறீச்சிடும் சனியன், முடிந்தால் தவிருங்கள்.

ஹேண்டில் குழாயின் உள்விட்டம், சீட் குழாயின் உள்விட்டம் இரண்டையும் எழுதுங்கள். சீட் போஸ்ட் 27.2 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. ஆனால் 26.8, 31.6 என்றெல்லாம் உண்டு. 0.2 மில்லிமீட்டர்தானே என்று நினைத்தால் சீட் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக டயர் இடம். 35 மில்லிமீட்டர் டயர் போட்ட சில்லு ஒன்றை யாரிடமாவது வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டராவது வெளி வேண்டும். கண்ணுக்குத் தேவைக்கு மேல் தெரியும். மழை பெய்து ஊறிய தோட்டத்து மண், உதிர்ந்த சவுக்கு ஊசி, கவ்வாத்து வெட்டிய குச்சி எல்லாம் ஒன்றாய்ப் பிசைந்து அந்த இடுக்கில் ஏறும்போது, ஆறு மில்லிமீட்டர் போதவில்லையே என்று தோன்றும்.

காசை எங்கே போடுவது

கையில் பத்து ரூபா இருக்கிறதென்று வையுங்கள். இரண்டு ரூபா ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும். மூன்று ரூபா சில்லுக்கும் டயருக்கும். இரண்டு ரூபா பிரேக். இரண்டு ரூபா கியர். மிச்சமுள்ள ஒன்றில் ஹேண்டில், ஸ்டெம், சீட், பெடல் எல்லாம். புதிதாகக் கட்டுபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபிரேமில் பெயரைப் பார்த்து ஆறு ரூபாவைக் கொட்டிவிட்டு, கடைசியில் பிரேக்குக்கு எட்டணா தேடுகிறார்கள். செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். மற்றதெல்லாம் பாவித்தது போதும்.

சில்லு

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம்: மவுண்டன் பைக்கின் 29 அங்குலச் சில்லும் ரேஸ் சைக்கிளின் 700சி சில்லும் ஒரே விட்டம். டயர் உட்காரும் விளிம்பு இரண்டிலும் 622 மில்லிமீட்டர். டயரின் பக்கச் சுவரில் 35-622 என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே 135 மில்லிமீட்டர் டிஸ்க் ஃபிரேம் வைத்திருப்பவர், யாராவது கழற்றிப்போட்ட 29 அங்குல மவுண்டன் சில்லுச் சோடியை விலை பேசலாம். முன் ஹப் (சில்லின் நடு உருளை) 100 மில்லிமீட்டர் சாதாரண அச்சா என்று மட்டும் பாருங்கள். ரிம் அளவுக்கு மீறி அகலமாக இருந்தாலும் 35 டயர் சரியாக உட்காராது. 26 அங்குலச் சில்லு (559), 27.5 (584) இரண்டும் வேறு.

ஸ்போக் 32 அல்லது 36. எடை குறைவு என்று 24 ஸ்போக் சில்லை யாராவது நீட்டினால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். சில்லைச் சுழற்றி, ரிம்முக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் கோட்டம் பாருங்கள். அச்சைக் கையால் உருட்டுங்கள். உள்ளே மணல் அரைப்பது போலிருந்தால் ஹப்பைத் திறந்து குண்டுகளை மாற்றி, புதுக் கிறீஸ் வைக்க வேண்டும். பின் ஹப்பில் பற்சக்கரம் மரையில் ஏறும் பழைய வகையா, உருளையில் கசட்டாக ஏறும் வகையா என்றும் பாருங்கள். கசட் வகையே வேண்டும். மரை வகையில் அச்சின் ஒரு பக்கம் தாங்கலின்றி நீண்டு நிற்கும். கல் ரோட்டில் அச்சு வளைவதும் முறிவதும் அங்கேதான்.

டயர் விஷயத்தில் சர்வதேசப் பந்தய விதி 33 மில்லிமீட்டருக்கு மேல் விடாது. நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரேம் விட்டால் 38, இல்லையேல் 35. நடுவில் சிறு கட்டைகளும் ஓரத்தில் பெரிய கட்டைகளும் உள்ளதை எடுங்கள். என் எடை 66 கிலோ. டியூப் போட்ட 35 டயரில் முன்னால் 38, பின்னால் 42 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன். கல்லில் ரிம் இடித்தால் இரண்டு கூட்டுங்கள், கை நடுங்கினால் இரண்டு குறையுங்கள்.

பிரேக்: இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்

மலைநாட்டில் சைக்கிள் என்றதும் எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது நிற்காவிட்டால்தான் கதை வேறு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறக்குறைய 500. றம்பொடை வழியாக இறங்குபவரின் பிரேக் அந்த உயர வித்தியாசத்தில் பெரும்பங்கைச் சூடாக மாற்றி வெளியே விட வேண்டும்.

என் முதல் கட்டுமானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபிரேமில் வி பிரேக், அதாவது இரண்டு கைகளால் ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக், பூட்டும் முளைகள் இருந்தன. மவுண்டன் பைக்கிலிருந்து கழற்றிய நீளக் கை வி பிரேக்கைப் பூட்டினேன், வளைந்த ஹேண்டிலுக்குரிய ரேஸ் லீவரோடு இணைத்தேன். வாசலில் சுற்றிப் பார்த்தபோது நன்றாகப் பிடித்தது. ஜூன் மாத மழையில் மேல் டிவிஷனிலிருந்து இறங்கும்போது மூன்றாவது முடக்கில் இரண்டு லீவரும் ஹேண்டிலில் போய் முட்டின. பிரேக் பாதிதான் பிடித்தது. நான் தேயிலைக்குள் போனேன். நல்ல வேளை, அந்தப் பக்கம் தேயிலை. மறுபக்கம் என்றால் பீலிக்கரைப் பள்ளம்.

காரணம் எளிது. நீளக் கை வி பிரேக் நிறையக் கேபிளை இழுக்கக் கேட்கும். ரேஸ் லீவர் கொஞ்சம்தான் இழுக்கும். அதனால் கட்டையை ரிம்முக்கு ஒட்டினாற்போல் வைத்துத்தான் பிரேக் பிடிக்கவே முடிந்தது. ஈரமும் மணலும் சேர்ந்து கட்டையை ஒரே இறக்கத்தில் தேய்த்துவிட்டன. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் இழுவை லீவரில் இல்லை. கை 85 மில்லிமீட்டர் அளவிலுள்ள குட்டை வி பிரேக் போட்டிருந்தால் லீவரோடு பொருந்தியிருக்கும். பழைய முறைக் கான்டிலீவர் பிரேக்கும் பொருந்தும், ஆனால் அதைச் சரியாக அமைக்கப் பொறுமை வேண்டும்.

கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கிலும் இதே பொறி உண்டு. தட்டைக் கவ்வும் காலிப்பர் ரேஸ் லீவருக்கானது, மவுண்டன் லீவருக்கானது என இரண்டு வகையில் வரும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ரேஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

எது நல்லது என்று கேட்டால், ஃபிரேமில் டிஸ்க் பூட்டும் இடம் இருக்குமானால் கேபிள் டிஸ்க், 160 மில்லிமீட்டர் தட்டு. மழையில் உடனே பிடிக்கும், ரிம் தேயாது, நீண்ட இறக்கத்தில் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும் பயம் இல்லை. எண்ணெயால் இயங்கும் வகை இன்னும் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் காற்றேறினால் தோட்டத்தில் யார் திருத்துவது? கேபிள் அறுந்தால் டவுனில் எந்தக் கடையிலும் ஒன்று கிடைக்கும். டிஸ்க் இடமில்லாத ஃபிரேமில் வெல்டிங் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டை ஒட்டி டிஸ்க் பூட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்தக் குழாய் அந்த இழுவைக்காகச் செய்யப்படவில்லை.

கியர்: சிறிய எண்ணே வீரம்

ஒரு கணக்குப் போடுவோம். 700சி சில்லில் 35 டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.17 மீட்டர் ஓடும். முன்னால் 50 பல், பின்னால் பெரியது 28 பல் உள்ள ரேஸ் கியரில் ஒரு மிதிக்கு 3.87 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். 100 மீட்டருக்கு 8 மீட்டர் எழும் ஏற்றத்தில், சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 250 வாட்டுக்கு மேல் வேண்டும். அது பயிற்சி பெற்றவரின் கால். முன்னால் 34, பின்னால் 36 என்று மாற்றுங்கள். ஒரு மிதிக்கு 2.05 மீட்டர், அதே 60 மிதியில் மணிக்கு 7.4 கிலோமீட்டர். தேவைப்படுவது 140 வாட்டுக்கும் குறைவு. அது கொழுந்து மடுவம் வரை மூட்டை சுமந்து பழகிய எவருடைய காலுக்கும் முடியும்.

ஆகவே முன்னால் ஒரே ஒரு பற்சக்கரம், 34 அல்லது 36 பல். பின்னால் ஒன்பது கியர், 11 முதல் 36 வரை. முன் டெரேலியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி), அதன் கேபிள், அதன் தலைவலி எதுவும் வேண்டாம். இறக்கத்தில் மிதி போதாது என்பார்கள். 36க்கு 11 என்றால் நிமிடத்துக்கு 90 மிதியில் மணிக்கு 38 கிலோமீட்டர். அதற்கு மேல் எங்கள் முடக்குகளில் மிதிப்பவரைப் பார்த்து நான் பரிதாபம்தான் படுவேன்.

சிமானோ கம்பெனியின் பழைய சாமான்களில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. அவர்களுடைய எட்டு, ஒன்பது கியர் ரேஸ் லீவரும் ஒன்பது கியர் வரையான மவுண்டன் டெரேலியரும் கேபிள் இழுக்கும் கணக்கில் ஒத்துப்போகும். அதனால் ஒன்பது கியர் சோரா ரேஸ் லீவரோடு ஒன்பது கியர் அலிவியோ அல்லது டியோர் மவுண்டன் பின் டெரேலியரைப் போட்டு 36 பல் வரை ஏற்றலாம். பத்துக் கியர் மவுண்டன் டெரேலியரிலிருந்து கணக்கு மாறிவிட்டது. இரண்டையும் கலந்தால் கியர் எங்கும் சரியாக உட்காராது. முன் பற்சக்கரம் ஒற்றைக்கென்று செய்ததாக, பற்கள் மாறி மாறித் தடிப்பும் மெலிவுமாக இருக்க வேண்டும். இல்லையேல் கல் ரோட்டில் செயின் குதித்துக் கழன்றுகொண்டே இருக்கும்.

பூட்டும் ஒழுங்கு

அலன் கீ 4, 5, 6, 8 போதும். செயின் கருவி ஒன்று சொந்தமாக வாங்குங்கள். கசட் கருவி, பொட்டம் பிரக்கட் கருவி, கிராங்க் (பெடல் பூட்டும் கை) கழற்றும் இழுவை இவற்றைச் சைக்கிள் கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து இரவல் கேட்கலாம்.

முதலில் ஃபிரேமின் உள்ளே. இரும்பென்றால் ஆளி எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, எல்லாக் குழாய்க்கும் ஓடும்படி திருப்பித் திருப்பிப் பிடித்து, ஒரு நாள் வடிய விடுங்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் சிறு துளை இருக்கிறதா பாருங்கள். சேறு அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் போக அது ஒன்றே வழி.

இரண்டாவது ஹெட்செட், அதாவது ஹேண்டில் குழாய்க்குள் ஃபோர்க் சுழல வைக்கும் குண்டுக் கப்கள். அழுத்தும் கருவி விலை அதிகம். ஹாட்வெயார் கடையில் நீளமான மரைக்கம்பி, இரண்டு நட், நான்கு பெரிய வாஷர் வாங்குங்கள். ஒவ்வொரு கப்பாக வைத்து மெல்ல இறுக்கினால் நேராக உட்காரும். சுத்தியல் எடுத்தவர் கோணலாக இறக்கிவிட்டு அழுவார். பிறகு ஃபோர்க், ஸ்டெம். ஃபோர்க் குழாயை வெட்டுமுன் இரண்டு வாரம் நீளமாகவே ஓட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. ஸ்டெம்மின் மேல் விளிம்பைவிடக் குழாய் மூன்று மில்லிமீட்டர் உள்ளே இருந்தால்தான் மேல் மூடி இறுகும்.

மூன்றாவது பொட்டம் பிரக்கட். பிரிட்டிஷ் மரையில் செயின் பக்கத்துக் கப் எதிர்மரை. கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற இறுகும். இடப்பக்கம் வழக்கம்போல. மரை நிறையக் கிறீஸ் பூசி, முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் ஸ்பனராலும் ஏற்றக்கூடாது. கிராங்க் பூட்டிய பின் பெடல்: இதில் எதிர்மரை இடப்பக்கம்.

சீட் போஸ்டில் கட்டாயம் கிறீஸ் பூசுங்கள். இரும்புக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் ஈரத்தில் சில மாதங்கள் அசையாமல் கிடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். லேத் பட்டறையில் அறுத்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சில்லு, கசட், டெரேலியர் பூட்டிய பிறகு செயின் நீளம். டெரேலியர் வழியாகப் போடாமல், முன் பற்சக்கரத்தையும் பின்னாலுள்ள பெரிய பற்சக்கரத்தையும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரு முனையும் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். குறைத்து வெட்டினால் ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றிய கணத்தில் டெரேலியர் கிழிந்துபோகும்.

கேபிள். உறையை இடையில் அறுக்காமல் லீவரிலிருந்து பின்னால் வரை ஒரே நீளமாக, மேல் குழாயில் வைத்து நைலோன் பட்டியால் கட்டுங்கள். கீழ்க்குழாய் வழியாக அச்சுக் கூட்டின் கீழ் ஓடும் திறந்த கேபிள் ஒரே வாரத்தில் சேற்றில் உறைந்துவிடும்.

கியரைச் சரிசெய்யக் கேபிளை இணைக்குமுன்பே டெரேலியரின் இரண்டு எல்லைத் திருகுகளையும் அமையுங்கள். வெளித் திருகால் டெரேலியரின் சிறிய சில்லு கடைசிச் சிறு பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கையால் உள்ளே தள்ளினால் பெரிய பல்லுக்கு நேராக நிற்க வேண்டும், அதைத் தாண்டி ஸ்போக்குக்குள் போகக் கூடாது. பிறகு கேபிளை இணைத்து, லீவரை ஒரு கிளிக் அழுத்திப் பாருங்கள். அடுத்த பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிளை முறுக்கும் திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். ஏறியபின் அடுத்ததையும் உரசினால் கால் சுற்று உள்ளே. எவ்வளவு திருகியும் சரிவராவிட்டால், டெரேலியர் தொங்கும் காது வளைந்திருக்கும். பாவித்த ஃபிரேம்களில் பாதிக்கு இந்த நோய் உண்டு. கடையில் அளந்து நிமிர்த்தச் சொல்லுங்கள்.

கடைசியில் ஹேண்டில் துணி. அதைச் சுற்றுமுன் ஒரு வாரமாவது ஓட்டி லீவர் இருக்கும் இடம் கைக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

டிஸ்க் பிரேக் புதிது என்றால், சமமான கொங்கிரீட்டில் மிதமான வேகத்தில் போய், நிற்காமல் நடை வேகம் வரை மெல்லப் பிடித்து விடுங்கள். இருபது தரம் செய்தால் கட்டையும் தட்டும் ஒன்றுக்கொன்று பழகும். தட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது. அதற்கும் பிறகே இறக்கம்.

இரண்டு மூன்று ஓட்டத்தில் கேபிள் தளரும், ஸ்போக் சில இளகும். ஸ்டெம், ஹேண்டில், கிராங்க் போல்ட்களை மறுபடி பாருங்கள். ஸ்டெம் போல்டில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். குட்டை அலன் கீயை இரண்டு விரலால் இறுக்குகிற அளவு. முழுக் கையால் இறுக்கினால் மரை போய்விடும்.

எங்கே ஓடுவது? தென்மேற்குப் பருவ மழை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தைப் போட்டு அடிக்கும் ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் தள்ளும். அந்த மாதங்களில் ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன பெக்டரி, அங்கிருந்து லிப்டன் சீட் வரை ஏறும் ரோட்டு புதுச் சைக்கிளுக்கு நல்ல பரீட்சை. எங்கள் பக்கமே ஓடுவதென்றால் சேற்றுக்கும் அட்டைக்கும் தயாராக வாருங்கள். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை கொஞ்சம் யோசிக்கும். தோட்டத்து ரோட்டு தோட்டத்துக்குச் சொந்தம். மருந்து அடிக்கும் நாளில் மலைக்குள் போகக் கூடாது; ஆபீசிலோ வாச்சரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் அடுத்த முறை அவரே குறுக்குப் பாதை காட்டுவார்.

வந்ததும் பீலியில் கழுவுங்கள், ஆனால் தண்ணீர் விழும் இடத்தில் ஹப்பையும் அச்சுக் கூட்டையும் நேராகப் பிடிக்காதீர்கள். செயினைப் பழைய துணியால் துடைத்து, ஈரத்துக்கான செயின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மேலே மிஞ்சியதைத் துடையுங்கள். மோட்டார் சைக்கிளில் வடித்த பழைய ஒயில் வேண்டாம். அது மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். மாதம் ஒருமுறை செயினில் 24 கண்ணியை அளவுகோலால் அளந்து பாருங்கள். புதிதில் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் கசட்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

தூக்கும் முறை கடைசியாக. இடப்பக்கமாக இறங்குங்கள், செயின் வலப்பக்கம் இருப்பதால் கால்சட்டை தப்பும். வலக்கையை மேல் குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவால் விட்டு, மேல் குழாயை வலத் தோளில் ஏற்றி, அதே கையால் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், முன்சில்லு ஆடாது. தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் எலும்பு வலிக்காது. படியில் எதிரே கொழுந்துக் கூடையோடு யாராவது வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். அவர் முதுகில் இருப்பது உங்கள் சைக்கிளைவிடப் பாரம்.